ஆள் எங்கே உட்கார்ந்திருக்கான்?

படத்தில் ஒரு பழைய கறுப்பு வெள்ளை விமானம். நீளமான உடல், முன்னால் ஒற்றை இன்ஜின், பின்னால் வால். இதுவரை எல்லாம் சரி. ஆனால் அந்த உடலில் விமானி உட்கார இடமே இல்லை. அவர் பக்கத்தில் இருக்கிறார். வலது இறக்கையின் மேல், தனியாக, முழுக்கக் கண்ணாடி போட்ட ஒரு கூண்டுக்குள். வாலிலும் வலது பக்கத்து மட்ட இறக்கையைக் கிட்டத்தட்டக் காணோம். விபத்தில் சிக்கிய இரண்டு விமானங்களின் மிச்சத்தை வைத்து யாரோ ஒன்று செய்த மாதிரி இருக்கும். பெயர் என்ன? எந்த நாடு? எந்த வருஷம்? முப்பது விநாடி.

குரோம்பேட்டையில் எங்கள் வீட்டு ஹாலில் சனிக்கிழமை இரவுகளில் நடக்கிற விளையாட்டு இது. நாங்கள் ஐந்து பேர். இரண்டு பேர் ஐ.டி., ஒருத்தி வங்கி, ஒருவன் இன்னும் ஆராய்ச்சி மாணவன், நான். விமானத்துக்கும் எங்கள் பிழைப்புக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. கல்லூரி நாட்களில் க்விஸ் போட்டிகளுக்கு அலைந்தவர்கள், கெட்ட பழக்கம் விடவில்லை, அவ்வளவுதான். விதிகள் எளிமையானவை. எல்லார் போனும் ஒரு எவர்சில்வர் தட்டில் கவிழ்ந்து கிடக்க வேண்டும். படம் காட்டுபவர் வால் எண்ணையும் நாட்டுச் சின்னத்தையும் அழித்துவிட வேண்டும். தயாரித்த கம்பெனிக்கு ஒரு மார்க், மாடலுக்கு இரண்டு, வருஷம் ஐந்துக்குள் வந்தால் ஒன்று. கடைசியில் வருகிறவர் பரோட்டா வாங்கித் தர வேண்டும். போயிங், ஏர்பஸ், மிக் எல்லாம் கேட்டால் மரியாதை போய்விடும். யாரும் கேள்விப்படாததாக இருக்க வேண்டும். ஒன்றோ இரண்டோ மட்டும் செய்யப்பட்டு, சோதனையில் விழுந்து, ஏதோ ஒரு கிடங்கில் துருப்பிடித்துச் செத்ததாக இருந்தால் இன்னும் நல்லது.

மேலே சொன்ன படத்துக்கு விடை, ப்ளோம் உண்ட் ஃபோஸ் பி.வி. 141. ஜெர்மனி, 1938. அன்றைக்கு எங்களில் யாருக்கும் தெரியவில்லை. ஆனால் ஓரமாக ஈஸிசேரில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்த பெரியப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "இங்க காட்டு" என்றார். லேப்டாப்பைத் திருப்பினேன்.

"ஆள் எங்க உக்காந்திருக்கான்?"

காட்டினேன்.

"இவ்ளோ கண்ணாடி போட்டிருக்கான்னா சண்டைக்குப் போகல. பாக்கப் போறான். உளவு. ஒத்தை இன்ஜின்தான் வேணும்னு யாரோ கண்டிஷன் போட்டிருக்கணும். இன்ஜினை மூக்குல வெச்சா முன்னாடி மறைக்கும். அதான் ஆளைத் தூக்கிப் பக்கத்துல வெச்சுட்டான். வால்ல ஒரு பக்கம் வெட்டினது பின்னாடி துப்பாக்கி வெச்சிருக்கிறவன் சுடுறதுக்கு. பேரு தெரியாது. கெட்டிக்காரப்பய யாரோ செஞ்சிருக்கான்."

அந்தக் கெட்டிக்காரர் ரிச்சர்ட் ஃபோக்ட். பெரியப்பா சொன்னது அத்தனையும் சரி. ஜெர்மன் விமான அமைச்சகம் கேட்டது மூன்று பேர் போகிற, எல்லாத் திசையிலும் பார்வை தடைபடாத, ஒற்றை இன்ஜின் உளவு விமானம். விசிறி ஒரு பக்கமாகச் சுழலும்போது விமானத்தைச் சாய்க்கப் பார்க்கும் முறுக்கு விசையை, வலது பக்கம் வைத்த கூண்டின் எடை ஓரளவு ஈடுகட்டும் என்பது ஃபோக்டின் கணக்கு. கணக்கு தப்பவில்லை, அது ஒழுங்காகவே பறந்தது. ஆனாலும் அமைச்சகம் தேர்ந்தெடுத்தது ஃபோக்க வுல்ஃப் கம்பெனியின் எஃப்.டபிள்யூ. 189-ஐ. அதற்கு இரண்டு இன்ஜின். கண்டிஷனையே மீறியது ஜெயித்துவிட்டது. பி.வி. 141-ல் ஒன்றுகூட இன்று மிஞ்சவில்லை.

பெரியப்பா 1969-ல், பதினெட்டு வயதில், விமானப்படையில் சேர்ந்தவர். விமானி இல்லை. ஏர்ஃப்ரேம் ஃபிட்டர், அதாவது விமானத்தின் உடலைப் பிரித்து மாட்டுகிறவர். பதினைந்து வருஷம் இருந்துவிட்டு வந்து, ஒரு கம்பெனியில் ஸ்டோர் பார்த்து ஓய்வு பெற்றார். எங்கள் வீட்டில் விமானத்தைப் பற்றி அவர் அதிகம் பேசிக் கேட்டதில்லை. தாம்பரம் பக்கமிருந்து பயிற்சி விமானம் தலைக்கு மேல் போனால் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் என்ன மாடல் என்று சொல்வார். அதோடு சரி. அன்றைக்குப் பிறகு எங்கள் ஆட்டத்தில் ஆறாவது ஆளாகிவிட்டார். பெயர்கள் தெரியாததால் மார்க் விழாது. பரோட்டாச் செலவு மட்டும் கிடையாது, அது அவருக்குக் கொடுத்த சலுகை.

இந்த அறிவால் என்ன பிரயோஜனம் என்று அம்மா கேட்பாள். ஒன்றுமில்லை. ஆனால் ஒருகாலத்தில் இருந்தது. 1939 செப்டம்பர் 3 அன்று பிரிட்டன் போர் அறிவித்தது. மூன்றே நாளில், செப்டம்பர் 6 காலையில், எதிரி வருகிறான் என்று ஒரு பொய்யான எச்சரிக்கை. ஹரிகேன் விமானங்கள் கிளம்பின. இரண்டு ஹரிகேன்கள் மட்டும் கொஞ்சம் தள்ளிப் பின்னால் போய்க்கொண்டிருந்தன. மேலேயிருந்து பார்த்த ஸ்பிட்ஃபயர் விமானிகளுக்கு அவை ஜெர்மன் மெஸ்ஸர்ஷ்மிட்டாகத் தெரிந்தன. இரண்டையும் சுட்டு வீழ்த்தினார்கள். மான்டேக் ஹல்டன்-ஹாரப் என்ற இளைஞர் இறந்துபோனார். அந்தப் போரில் இறந்த முதல் பிரிட்டிஷ் போர் விமானி அவர்தான். ஸ்பிட்ஃபயர் முதன்முதலாகச் சுட்டு வீழ்த்திய விமானம் சொந்த நாட்டு ஹரிகேன். இதற்கு 'பார்க்கிங் ஓடைச் சண்டை' என்று ஏளனமாகப் பெயர் வைத்தார்கள். ஆங்கிலேயர்கள் துக்கத்தைக் கையாளுகிற விதம் அது.

அதன் பிறகு விமானத்தை அடையாளம் காண்பது பெரிய பாடமானது. நிழல் உருவங்கள் அச்சடித்த சீட்டுக்கட்டுகள் வந்தன. வீரர்கள் ரம்மி ஆடிக்கொண்டே ஹெய்ங்கலையும் டோர்னியரையும் மனப்பாடம் செய்தார்கள். எங்கள் சனிக்கிழமை ஆட்டத்தின் கொள்ளுத்தாத்தா அந்தச் சீட்டுக்கட்டுதான். 'வெஃப்ட்' என்று ஒரு முறை சொல்லிக் கொடுத்தார்கள். இறக்கை, இன்ஜின், உடல், வால் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக் கூட்டி விடை காண்பது. அந்த ஆங்கில எழுத்துகளுக்கு 'ஒவ்வொரு தடவையும் தப்பு' என்று பொருள் வருகிற மாதிரி வீரர்கள் ஒரு கெட்ட வார்த்தை விரிவாக்கம் வைத்திருந்தார்கள். ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் சாமுவேல் ரென்ஷா என்ற உளவியலாளர் இந்தக் கூட்டல் கணக்கே வேண்டாம் என்றார். முகத்தை அடையாளம் காணும்போது மூக்கு, காது என்று தனித்தனியாகவா பார்க்கிறோம்? அவர் படங்களைத் திரையில் மின்னல் மாதிரி, விநாடியில் நூறில் ஒரு பங்கு வரை குறைத்துக் காட்டி, மொத்த உருவத்தையும் ஒரே வீச்சில் பிடிக்கப் பழக்கினார். அமெரிக்கக் கடற்படை அதை ஏற்றுக்கொண்டது. அதே கடற்படை 1942-ல் பள்ளிப் பிள்ளைகளிடம் 5 லட்சம் மர மாதிரி விமானங்கள் செய்து தரச் சொன்னது. 72-ல் ஒரு பங்கு அளவு, கறுப்பு வண்ணம். வகுப்பறையில் 35 அடி தள்ளி நின்று பார்த்தால், நிஜ விமானத்தை 2,520 அடி தூரத்தில் பார்ப்பதற்குச் சமம். பதினாலு வயதுப் பையன் உப்புத்தாளை வைத்துத் தேய்த்துத் தேய்த்து எதிரி விமானத்தின் இறக்கையைச் சரிபண்ணிக்கொண்டிருந்திருப்பான். எனக்கு அந்தக் காட்சி ரொம்பப் பிடிக்கும், கொஞ்சம் பயமாகவும் இருக்கும்.

இதில் எனக்குப் பிடித்த கதை ஹெய்ங்கல் 113. யாராவது இதை விடையாகச் சொன்னால் எங்கள் ஆட்டத்தில் கழித்தல் மார்க், ஏனென்றால் அப்படி ஒரு விமானமே கிடையாது. ஹெய்ங்கல் கம்பெனி 100 என்று ஒரு அதிவேகப் போர் விமானம் செய்தது. மெஸ்ஸர்ஷ்மிட் ஏற்கெனவே படைக்குள் நுழைந்துவிட்டதால் அதை யாரும் வாங்கவில்லை. மிஞ்சிக் கிடந்த சிலவற்றுக்கு 1940-ல் வெவ்வேறு போலிப் படைப்பிரிவுச் சின்னங்களை மாற்றி மாற்றி வரைந்து படம் எடுத்து, 'புதிய ஹெய்ங்கல் 113' என்று பத்திரிகைகளுக்குக் கொடுத்தார்கள். பிரிட்டன் நம்பியது. அடையாளக் கையேடுகளில் அது ஏறியது. வேடிக்கை இனிமேல்தான். அந்த வருஷம் வானத்தில் சண்டை போட்டுவிட்டு இறங்கிய பிரிட்டிஷ் விமானிகள், ஹெய்ங்கல் 113-ஐப் பார்த்தோம், மோதினோம் என்று அறிக்கை எழுதினார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. படத்தில் பார்த்திருந்தார்கள், பெயர் தெரிந்திருந்தது, அதனால் கண்ணுக்குத் தெரிந்தது.

பெரியப்பாவிடம் இதைச் சொன்னபோது சிரிக்கவில்லை. "வாங்க ஆளில்லாத விமானத்தை வெச்சு ஊரையே பயமுறுத்தியிருக்கான். அதைச் செஞ்சவனுக்கு எப்படி இருந்திருக்கும்?" என்று மட்டும் கேட்டார்.

அவர் பொதுவாகவே எங்கள் சிரிப்பில் கலந்துகொள்வதில்லை. அமெரிக்காவின் எக்ஸ்.எஃப்.-85 காப்ளின் படத்தைப் போட்ட அன்று நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அண்டாவுக்கு இறக்கை முளைத்த மாதிரி ஒரு ஜெட். நீளம் 15 அடிகூடக் கிடையாது. பெரிய குண்டுவீச்சு விமானத்தின் வயிற்றுக்குள் உட்கார்ந்து போய், எதிரி வந்தால் கீழே இறங்கிச் சண்டை போட்டுவிட்டு, மறுபடி கொக்கியில் மாட்டிக்கொண்டு வயிற்றுக்குள் ஏறிவிட வேண்டும். சக்கரம் கிடையாது. 1948-ல் எட்வின் ஷாக் என்ற சோதனை விமானி முதல் தடவை இறங்கினார். தாய் விமானத்தின் அடியில் காற்று கொந்தளிக்க, கொக்கியைப் பிடிக்கப் போய், அவர் தலைக்கு மேலிருந்த கண்ணாடி மூடி நொறுங்கியது. காய்ந்த ஏரிப் படுகையில் வயிற்றாலேயே தரையிறக்கினார். மொத்தம் ஏழு தடவை பறந்தார். கொக்கியில் மாட்ட முடிந்தது மூன்றே தடவை. பெரியப்பா கேட்டார்: "சரி, அந்தப் பெரிய விமானம் அவ்ளோ தூரம் போறப்ப அதுக்குக் காவலா கூடப் போற சின்ன விமானத்துக்குப் பெட்ரோல் எங்கேருந்து வரும்? நீ ஒரு வழி சொல்லு." எங்களிடம் வழி இல்லை.

போலந்தின் எம்-15-க்கும் இதே கதைதான். உலகத்தில் வரிசையாகத் தயாரிக்கப்பட்ட ஒரே இரட்டை அடுக்கு இறக்கை ஜெட். 1973-ல் முதலில் பறந்தது, சோவியத் கூட்டுப்பண்ணைகளில் மருந்து தெளிக்க. சத்தம் தாங்காமல் 'பெல்ஃபெகோர்' என்று பேய்ப் பெயர் வைத்தார்கள். சுமார் 175 செய்துவிட்டு நிறுத்திவிட்டார்கள். "வயல் மேல மெதுவாப் போகணும், அதுக்கு ரெண்டு அடுக்கு இறக்கை, சரி. ஜெட் எதுக்கு?" என்றார் பெரியப்பா. பழையதை மாற்று, புதுசாக இரு, ஜெட் போடு என்று மேலிடத்தில் ஒரு ஆசை. "அப்ப தப்பு செஞ்சவன்கிட்ட இல்ல, கேட்டவன்கிட்ட."

இப்போது அந்த இரவுக்கு வருகிறேன். வங்கித் தோழியின் முறை. அவள் கெட்டிக்காரி, முழு விமானத்தைக் காட்ட மாட்டாள், ஒரு துண்டை மட்டும் வெட்டிக் காட்டுவாள். அன்றைக்குக் காட்டியது ஒரு ஜெட் விமானத்தின் நடுப்பகுதி. பக்கவாட்டில் காற்று போகிற வாய், அதற்குள் பாதி கூம்பு. அதற்குப் பின்னால் உடல் லேசாக இடுப்பு மாதிரி ஒடுங்கி மறுபடி அகலமாகிறது. நாங்கள் ஃபிரான்ஸ், ஸ்வீடன் என்று உளறிக்கொண்டிருந்தோம்.

"மாருத்" என்றார் பெரியப்பா. நிமிர்ந்துகூட உட்காரவில்லை.

எச்.ஏ.எல். எச்.எஃப்.-24 மாருத். இந்தியா. 1961. நான்கு மார்க்கும் விழுந்த ஒரே தடவை. கைதட்டினோம். கைதட்டலுக்கு நடுவில் எங்களில் ஒருவன், "செம லுக்கு, ஆனா ஃப்ளாப் படம்" என்றான். கெட்ட எண்ணமில்லை. நாங்கள் எல்லா விமானத்தையும் அப்படித்தான் பேசுவோம்.

"ஃப்ளாப் இல்ல தம்பி" என்றார் பெரியப்பா. "அதுக்கு இன்ஜின் வரல."

அவர் படையில் இருந்த பதினைந்து வருஷத்தில் எட்டு வருஷம் மாருத்தோடு, ஜோத்பூரில். எனக்கே அது அன்றைக்குத்தான் தெரியும். போர் முடிந்த அடுத்த வருஷம் அங்கே போயிருக்கிறார். காலை பத்து மணிக்கு மேல் இறக்கைத் தகட்டில் கை வைக்க முடியாதாம். ஈரச் சாக்கைப் போட்டு அதன் மேல் மண்டியிட்டு வேலை செய்வார்களாம். இடுப்பு ஒடுங்கின இடத்தில்தான் அவருக்கு வேலை அதிகம். உள்ளே கை நுழையாது. "என் கை அப்ப ஒல்லி. அதனால என்னத்தான் கூப்பிடுவாங்க." அந்த இடுப்பை அவர் கண்ணால் அடையாளம் காணவில்லை என்று எனக்குத் தோன்றியது.

இன்ஜின் வராத கதை இதுதான். மாருத்தை வடிவமைத்தவர் கூர்ட் டாங்க். ஜெர்மனியின் எஃப்.டபிள்யூ. 190 போர் விமானத்தைச் செய்தவர். பி.வி. 141-ஐத் தோற்கடித்த 189-உம் அவருடைய கம்பெனிதான். போர் தோற்ற பின் அர்ஜென்டினா போய் அங்கே பூல்கி 2 என்று ஒரு ஜெட் செய்தார். அதுவும் நிலைக்கவில்லை. பிறகு பெங்களூர். ஒலியைப்போல இரு மடங்கு வேகம் வேண்டும் என்று இந்தியா கேட்டது. அதற்கேற்ற உடலைத்தான் டாங்க் குழு வரைந்தது. காற்று வாய்க்குள் பாதி கூம்பும், ஒடுங்கிய இடுப்பும் ஒலியைத் தாண்டுகிற விமானத்துக்கானவை. அதில் போட நினைத்தது பிரிட்டனின் ஆர்ஃபியஸ் 12, வால் பக்கம் எரிபொருளை மறுபடி எரித்துத் தள்ளுகிற வகை. அதை முடிக்கப் பணம் கேட்டார்கள். டெல்லி கொடுக்க முன்வரவில்லை, அவர்களும் கைவிட்டுவிட்டார்கள். கடைசியில் மாட்டியது இரண்டு ஆர்ஃபியஸ் 703. அதாவது, குட்டி விமானமான நேட்டில் ஒன்று போட்ட அதே குடும்பத்து இன்ஜின். நேர்மட்டப் பறப்பில் ஒலியைத் தாண்டவே முடியவில்லை. யானையை வாங்கியவன் அங்குசத்துக்குக் கணக்குப் பார்த்த கதை என்பது என் கருத்து. அன்றைய கஜானா நிலைமையை வைத்துப் பார்த்தால் இது சுலபமாகச் சொல்கிற கருத்து என்றும் தெரியும்.

பிறகு அலைந்தார்கள். அந்த அலைச்சலில்தான் எங்கள் மாதிரி ஆட்களுக்கு வேண்டிய அத்தனையும் இருக்கிறது. எகிப்தில் நாசர் ஆட்சி, ஹெல்வானில் ஒரு தொழிற்சாலை. அங்கே வில்லி மெஸ்ஸர்ஷ்மிட் வடிவமைத்த எச்.ஏ.-300 என்ற குட்டிப் போர் விமானம். அதற்கான இன்ஜினை ஃபெர்டினாண்ட் பிராண்ட்னர் என்ற ஆஸ்திரியர் செய்துகொண்டிருந்தார். அந்த இன்ஜின் மாருத்துக்கும் ஆகும் என்று இந்தியா கைகோத்தது. 1964 மார்ச் 7 அன்று எச்.ஏ.-300-ஐ முதன்முதலாக வானில் ஏற்றியது எகிப்தியரோ ஜெர்மானியரோ இல்லை. கபில் பார்கவா என்ற இந்திய விமானப்படைச் சோதனை விமானி. இந்தியாவிலிருந்து ஒரு மாருத் எகிப்துக்குப் போனது. அதன் ஒரு ஆர்ஃபியஸைக் கழற்றிவிட்டு அங்கே அந்தப் புது இன்ஜினைப் போட்டுச் சோதித்தார்கள். போர்க்காலத்தில் போட்டி போட்ட இரண்டு ஜெர்மானியர்களில் ஒருவருடைய விமானம், இன்னொருவருடைய விமானத்துக்கான இன்ஜினைச் சுமந்துகொண்டு பாலைவனத்தின் மேல் பறந்திருக்கிறது. 1969-ல் எகிப்து அந்தத் திட்டத்தை நிறுத்தியது. இன்ஜின் மறுபடியும் வரவில்லை.

இதையெல்லாம் நான் படித்துத் தெரிந்துகொண்டேன். பெரியப்பாவுக்கு இதில் பாதி தெரியாது. அவருக்குத் தெரிந்தது வேறு. 1970 ஜனவரி 10 அன்று, மாருத்துக்குக் கூடுதல் உந்துதல் தர உள்ளூரிலேயே செய்து பார்த்த ஒரு மாதிரியை ஓட்டும்போது குரூப் கேப்டன் சுரஞ்சன் தாஸ் விழுந்து இறந்தார். 1961 ஜூன் 17 அன்று மாருத்தை முதலில் பறக்கவிட்டவரும் அவர்தான். பெரியப்பா அப்போது பயிற்சியில் இருந்தார். சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது செய்தி வந்ததாம். பெங்களூரில் அந்தப் பெயரில் ஒரு சாலை இருக்கிறது, டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டு நான் அதைப் பலமுறை திட்டியிருக்கிறேன். 1971 போரில் ஒரு இன்ஜின் தரைத் தாக்குதலில் போய், இன்னொன்றை வைத்துக்கொண்டே வீடு திரும்பிய மாருத்கள் உண்டு. வானத்துச் சண்டையில் ஒரு மாருத்தைக்கூட எதிரி வீழ்த்தவில்லை. "திரும்பி வந்துச்சு. அதுக்கு மேல என்ன வேணும்? வேகமா வரலன்னு சொல்றாங்க. வந்துச்சா இல்லியா?" மொத்தம் 147 செய்தார்கள். பெரியப்பா அதில் எத்தனைக்குள் கை விட்டிருப்பார் என்று கேட்டேன். எண்ணியதில்லை என்றார்.

அடுத்த வாரம் ஆட்டத்தில் பெரிய சண்டை வந்தது, அவரை வைத்து இல்லை, விதியை வைத்து. பெயர் சொன்னால் மட்டும் மார்க் போதாது, அந்த உருவம் ஏன் அப்படி இருக்கிறது, யார் என்ன கேட்டதற்கு அது பதில் என்று சொன்னால் இன்னும் இரண்டு மார்க் தரலாம் என்றேன். ஆராய்ச்சி மாணவன் ஒத்துக்கொள்ளவில்லை. ஆட்டம் என்றால் ஆட்டம், சிரிக்கத்தானே கூடுகிறோம், ஒவ்வொரு கோணல் விமானத்துக்கும் அனுதாபக் கூட்டம் போட முடியுமா என்றான். அவன் சொன்னதில் நியாயம் உண்டு. சில விமானங்கள் உண்மையிலேயே மடத்தனமானவை. கப்ரோனி சி.ஏ.60 என்று ஒன்று, ஒன்பது இறக்கை, எட்டு இன்ஜின், 100 பயணிகளுக்கான மிதக்கும் வீடு. 1921-ல் இத்தாலியில் மஜ்ஜோரே ஏரியில் இரண்டாவது பறப்பிலேயே விழுந்து நொறுங்கியது. அதைப் பார்த்துச் சிரிக்காமல் இருக்க எனக்குத் தெரியாது. பெரியப்பாகூட அதைப் பார்த்து, "ஒன்பதா?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருந்துவிட்டார். ஓட்டெடுப்பில் மூன்றுக்கு இரண்டில் என் விதி நிறைவேறியது. ஆராய்ச்சி மாணவன் எதிர்ப்புத் தெரிவித்து அன்றைக்குப் பரோட்டா சாப்பிடவில்லை, சால்னா மட்டும் சாப்பிட்டான்.

புது விதி வந்த பிறகு பெரியப்பா மார்க் எடுக்க ஆரம்பித்துவிட்டார். இப்போது மூன்றாவது இடத்தில் இருக்கிறார். போன மாதம் தானும் ஒரு கேள்வி கேட்பேன் என்றார். லேப்டாப் வேண்டாம். பழைய காலண்டர் அட்டையைக் கத்தரித்து ஒரு நிழல் உருவம் செய்து கொண்டுவந்தார். டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்தார். பின்னால் மடங்கிய இறக்கை, நீளமான மூக்கு.

"மாருத்" என்று நாலு பேர் ஒரே நேரத்தில் கத்தினோம்.

"இல்ல. இதுல இன்ஜினே கிடையாது."

முப்பது விநாடி முடிந்தது. கூடவே இன்னொரு முப்பது கொடுத்தார். யாருக்கும் வரவில்லை. எக்ஸ்-241 என்றார். மாருத்தைச் செய்வதற்கு முன்னால், அந்த உருவம் காற்றில் எப்படி நடந்துகொள்ளும் என்று பார்க்க, முழு அளவில் மரத்தாலேயே ஒரு கிளைடர் செய்து, 1959-ல் டகோட்டா விமானத்தின் பின்னால் கயிறு கட்டி இழுத்து மேலே விட்டிருக்கிறார்கள். பெங்களூரில் ஒரு பயிற்சிக்குப் போனபோது மூத்த தச்சர் ஒருவர் சொல்லிக் கேட்டதாம்.

"ஒட்டுப் பசை வாசனை அடிக்கும்னு சொன்னார்" என்றார்.

மார்க் அட்டவணையில் எல்லோருக்கும் பூஜ்யம் எழுதினேன். வங்கித் தோழி அந்த அட்டையைக் கேட்டு வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் ஏதோ ஒரு வருஷத்து மார்கழி மாதம் இருந்தது. இன்னொன்று வெட்டி வைத்திருக்கிறீர்களா அங்கிள் என்று கேட்டாள்.

"இருக்கு. சனிக்கிழமை வாம்மா."